இளந்தாயும் சிசுவின் எடையும்

வயிற்றுப் பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினமாகும், ஆகவே கர்ப்பிணி குறைவாக உண்ண வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் இன்றும் பல இல்லங்களில் உண்டு. இதனைப் பாட்டிமாரின் பேதைமை என்று நாம் நகைத்துவிடலாகாது. கற்றறிந்த வைத்தியரும் ஒரு காலத்தில் இதையே சொன்னார்கள். ஜெர்மானிய வைத்தியர் புரோகோவ்னிக் 1889-ஆம் ஆண்டில், இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்குப் பிரசவத்திற்கு முந்திய வாரங்களில் சுருங்கிய ஆகாரமும் குறைந்த நீரும் விதித்தார். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல் தாயின் உயிருக்கே ஆபத்தாயிருந்த அந்நாளில் அதற்கு நியாயம் இருந்தது. அந்த நியாயம் நீங்கிய பின்னும் வழக்கம் நீங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் அமெரிக்க வைத்தியர் பலர் கர்ப்பிணியின் எடை ஏறாமல் காப்பதையே கடமையாகக் கொண்டனர்.

பசியின் விளைவைப் போர் காட்டிற்று. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் உணவுப் பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களைப் பட்டினியில் கழித்தவர்கள் ஈன்ற குழந்தைகள் சராசரியாகச் சுமார் 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. 1970-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு பழைய கட்டுப்பாட்டைக் கைவிட்டது. சுமார் 11 கிலோ ஏற வேண்டும் என்றது. மெலிந்த பெண்களுக்கு 12.5 முதல் 18 கிலோ வரை என 1990-இல் கூறப்பட்டது.

தாயே வளரும் சிறுமியானால் என்ன ஆகும்? நியூ ஜெர்ஸியிலுள்ள காம்டன் நகரில் தெரேஸா ஷோலும் அவர் குழுவினரும் கருவுற்ற சிறுமியரின் முழங்கால் உயரத்தை நுட்பமாக அளந்து, இன்னும் வளர்கின்றவர்களைப் பிரித்தறிந்தனர். 1994-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. வளரும் சிறுமியருக்கு எடை மிகுதியாகவே ஏறியிருந்தது. அவர்கள் குழந்தைகளோ சுமார் 150 கிராம் குறைந்திருந்தன. சேர்ந்த கொழுப்பைத் தாயின் உடல் தனக்கே வைத்துக்கொண்டது. போதிய எடை ஏறியவர்களிடமே இவ்வாறெனில், மெலிந்த சிறுமியின் நிலை சொல்லாமலே விளங்கும்.

நம் நாட்டில் ஜோஷி குழு 1929-இலேயே இளந்தாயரின் துன்பத்தைப் பதிவு செய்தது. அவ்வாண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கிற்று. அது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் சட்டத்தை மீறிய மணங்கள் நிற்கவில்லை. 1975-இல் தோன்றிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் கர்ப்பிணிகளுக்குத் துணையுணவு தருகிறது. அறிக்கைகளைத் தமிழாக்கும் நமக்கு 'கர்ப்பிணி' என்ற ஒரு சொல்லே போதுமாயிருக்கிறது. அங்கன்வாடியின் அளவும் அப்படியே, பதினாறு வயதுக்கும் முப்பது வயதுக்கும் ஒன்றுதான்.