காணி வழக்கில் பிறந்த கட்டுரை

கி.மு. 466ஆம் ஆண்டு, சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரத்து மக்கள் திராசிபூலஸ் என்ற கொடுங்கோலனை விரட்டியடித்தார்கள். அவனுடைய அண்ணன்மார் ஆண்ட காலத்திலேயே ஊரார் நிலங்கள் பிடுங்கப்பட்டுக் கூலிப்படைக்குப் போயிருந்தன. ஆட்சி கவிழ்ந்ததும் 'இது என் அப்பன் பாட்டன் காணி' என்று ஆளாளுக்கு வழக்குப் போட்டார்கள். வழக்காடியவரே எழுந்து நின்று பேச வேண்டிய காலம் அது. அவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கக் கிளம்பியவர்கள் கொராக்ஸ், டிசியாஸ் என்ற இருவர். அரிஸ்டாட்டில் சொன்னதாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதி வைத்த கதை இது.

இருவரும் கற்பித்தது 'எது நடந்திருக்கக்கூடும்' என்று காட்டும் வித்தை. ஒரு நோஞ்சான்மேல் அடிதடி வழக்கு வந்தால், 'என் உடம்புக்கு அது ஆகிற காரியமா?' என்று கேட்கலாம். பலசாலிமேல் வந்தால்? 'சந்தேகம் முதலில் என்மேல்தான் விழும் என்று தெரிந்தும் அடிப்பேனா?' கில்லாடித்தனம்தான். ஆனால் எதிராளி என்ன சொல்வான் என்று முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முன்னுரை, முடிவுரை என்று பேச்சைக் கூறு போட்டதும் கொராக்ஸ்தான் என்பார்கள். பேச்சுக்குக் கட்டாயம் வேண்டியவை இரண்டே என்றார் அரிஸ்டாட்டில்: சொல்ல வந்ததைச் சொல்வது, அதை நிரூபிப்பது. தலைப்பையே முன்னுரையில் ஒருமுறையும் முடிவுரையில் ஒருமுறையும் எழுதவைத்து மதிப்பெண் போடும் நம் பள்ளிக்கூடங்கள் அந்த இரண்டாவதை ஏனோ மறந்துவிட்டன.

கி.மு. 427இல் சிசிலிக்காரரான கோர்கியாஸ் ஏதென்ஸுக்குத் தூது போய்த் தன் பேச்சால் ஊரையே மயக்கினார். அதே ஏதென்ஸில், ஆன்டிஃபோன் என்ற பேச்சாளர் பெயரில், கற்பனை வழக்குகளை வைத்து எழுதிய பயிற்சி உரைகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு வழக்குக்கு நான்கு உரை. வாதிக்கு இரண்டு, பிரதிவாதிக்கு இரண்டு. நான்கையும் எழுதியது ஒரே கை. ஒன்றில், இரவில் ஒருவனும் அவனுடைய அடிமையும் தாக்கப்பட்டுச் சாகிறார்கள். 'மேலாடை உடம்பிலேயே இருக்கிறது; திருடன் என்றால் விட்டுவிட்டுப் போவானா? இது பகையால் நடந்த கொலை' என்கிறது வாதித் தரப்பு. 'ஆள் வரும் சத்தம் கேட்டுத் திருடன் ஓடியிருக்கலாமே' என்கிறது பதில். தன் கட்சியைத் தானே உடைத்துப் பார்க்கும் இந்தப் பயிற்சியைத்தான் வாதக் கட்டுரையின் உண்மையான பிறப்பு என்பேன். கொராக்ஸின் எழுத்து ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை, இவை கிடைத்திருக்கின்றன.

கி.மு. 411இல் ஏதென்ஸின் மக்களாட்சியைக் கவிழ்த்த கூட்டத்துக்கு மூளையாக இருந்தவர் ஆன்டிஃபோன். அந்தக் கூட்டம் வீழ்ந்ததும் அவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். தன் காலம்வரை உயிருக்காக வாதாடியவர்களில் அவருடைய வாதமே மிகச் சிறந்தது என்று எழுதினார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். நடுவர்கள் மரண தண்டனை விதித்தார்கள்.