புதினம் மேடையேறிய வரலாறு

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்ற இடம் அதுவே. அங்கே சிறுவர்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையே பாடி நடித்தனர்.

1922-இல் சுவாமிகள் மறைந்த பின்னர், எம். கந்தசாமி முதலியார் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' முதலிய புதினங்களை நாடகமாக்கிப் பாலர்களுக்குப் பயிற்றுவித்தார். தேவரும் அசுரரும் உலாவிய மேடையில் நம்மனையார் பேசலாயினர். பாட்டின் ஆட்சி தளர்ந்து, உரையாடல் ஓங்கிற்று.

ஆயினும், அச்சிறுவர்கள் கொடுத்த விலை பெரிது. வீட்டையும் பள்ளியையும் பிரிந்தனர். மகரக்கட்டில் குரல் உடைந்ததும் பலர் மேடையையும் இழந்தனர்.

மூணாற்றுத் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் இன்று பள்ளியை விடாமலே மேடையேறலாம். அப்பாலர்கள் பெறாத பேறு அது. அதனைப் பேணுதல் பெற்றோர் கடன்.