மீண்டுவரும் கலாநிதிகளும் ஆய்வுப் புலமைப்பரிசிலும்

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் குண்டசாலையில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் அரச மாளிகை இருந்தது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் அங்கு வாழ்ந்தமையாற் குண்டசாலை மன்னன் என்றே வழங்கப்பட்டான். அவன் மதுரையிலிருந்து மணமகளிரைப் பெற்றான். அவர்தம் சுற்றத்தாரும் உடன் வந்தனர். அவன் மறைவுக்குப் பின் அரசியின் உடன்பிறந்தானே அரியணை ஏறினான். கடல் கடந்து வந்தோர்க்கு இருக்கை அளிக்க அன்று அரசனின் விருப்பம் ஒன்றே போதுமானதாயிருந்தது. இன்று கடல் கடந்து சென்று கற்று மீளும் நம்மவர்க்கே இருக்கை எளிதிற் கிட்டுவதில்லை. கலாநிதிப் பட்டத்துடன் தாயகம் திரும்பும் ஒருவர், நிலையான பதவி கிட்டும்வரை ஆய்வைத் தொடர்வதற்கு எத்தகைய ஏற்பாடுகள் இருந்து வந்துள்ளன என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

இவ்வரலாற்றினைக் கணித மேதை இராமானுசனிலிருந்து தொடங்கலாம். 1913இற் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியதைப் பலரும் அறிவர். அவர் மீண்டபோது நிகழ்ந்தது அத்துணை அறியப்படவில்லை. 1918இன் இறுதியில், அவர் இங்கிலாந்தில் நோயுற்றிருந்த வேளையில், பேராசிரியர் ஹார்டி சென்னைக்கு எழுதினார். பல்கலைக்கழகம் ஆண்டொன்றுக்கு 250 பவுண் வீதம் ஐந்தாண்டுகளுக்கு உதவி அளிக்க முன்வந்தது. கற்பித்தற் கடமை எதுவும் விதிக்கப்படவில்லை. இராமானுசன் அத்தொகை தம் தேவைக்கு மிகையானது எனவும், எஞ்சுவதை ஏழை மாணவரின் கல்விக்குப் பயன்படுத்த வேண்டும் எனவும் பதில் விடுத்தார். 1919 மார்ச்சில் அவர் பம்பாயில் வந்திறங்கினார். 1920 ஏப்ரலில் மறைந்தார். ஐந்தாண்டு உதவியின் பெரும்பகுதி பயன்படாமலே போயிற்று. ஆயினும், ஒருவர் கப்பலேறுமுன்பே அவருக்குரிய ஆய்வு உதவி தாயகத்தில் உறுதி செய்யப்பட்டிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இம்முன்மாதிரி பின்பற்றப்படவில்லை என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஹர்கோவிந்த் கொரானா லிவர்பூலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, சூரிச்சில் மேலாய்வு செய்து, 1949இல் இந்தியா திரும்பினார். தக்க பதவி கிட்டவில்லை. மீண்டும் இங்கிலாந்து சென்றார். 1968இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றபோது அவர் அமெரிக்கக் குடிமகனாய் இருந்தார். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் கேம்பிரிட்ஜிற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் விஸ்கொன்சினில் மேலாய்வு முடித்து, அங்கு வந்த பதவியை மறுத்து, 1954இல் திரும்பினார். அவரையும் நிலையான பதவி எதுவும் காத்திருக்கவில்லை. கட்டக்கிலிருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்திற் கிட்டிய தற்காலிகப் பணியே சில மாதங்கள் அவரைத் தாங்கியது; அவ்வாண்டு ஒக்டோபரில் டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திற் சேர்ந்தார். ஒருவரை நாடு இழந்தது, மற்றவரைப் பெற்றது. இரண்டிற்குமிடையே நின்றது சில மாதப் பிழைப்புக்கான ஒரு தற்காலிக இடமே.

இக்குறையை உணர்ந்தே இந்தியாவின் அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் குழு 1958இல் அறிவியலாளர் சேமத் திட்டத்தை ஏற்படுத்தியது. வெளிநாட்டிலிருந்து மீளும் தகுதிவாய்ந்தோரைத் தற்காலிகமாக ஊதியத்துடன் ஏற்று, தேசிய ஆய்வகம் ஒன்றிலோ பல்கலைக்கழகத்திலோ அமர்த்தி, நிரந்தரப் பதவி தேடிக்கொள்ள அவகாசம் அளிப்பது அதன் நோக்கம். அது பதவியன்று, காத்திருப்புக்கு வழங்கப்பட்ட ஊதியம் என்று குறைகூறியோரும் உளர். அக்கூற்றில் உண்மையுண்டு. எனினும், காத்திருப்பதற்கும் ஊதியம் வேண்டும் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று.

இலங்கையில் நிலைமை வேறாக அமைந்தது. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. இங்குக் கலாநிதிப் பட்டத்தின் பின்னரான புலமைப்பரிசில் என்னும் எண்ணமே நெடுங்காலம் எழவில்லை; அதற்கான தேவையும் தோன்றவில்லை. முதல் வகுப்பில் தேறியவர் உதவி விரிவுரையாளராக நியமனம் பெறுவார், கற்கை விடுமுறையில் மேனாடு செல்வார், பிணைமுறியிற் கையொப்பமிட்டிருப்பார், திரும்பும்போது அவருக்குரிய நாற்காலி அவ்விடத்திலேயே இருக்கும். 1950இல் இலண்டனிற் பத்துப்பாட்டினை ஆய்ந்து பட்டம் பெற்ற சு. வித்தியானந்தன், ஒக்ஸ்போர்டிற் கல்வெட்டுத் தமிழை ஆய்ந்த ஆ. வேலுப்பிள்ளை, 1966இற் பர்மிங்ஹாமிற் பட்டம் பெற்ற க. கைலாசபதி ஆகியோர் மீண்டு வந்து நம் துறையை வளர்த்த காலம் அது. தமிழியலின் பொற்காலம் என்று அதனைப் போற்றுகிறோம். அப்பொற்காலத்தைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒன்று கற்கை விடுமுறைப் பிணைமுறி என்பதை ஏனோ எவரும் எழுதுவதில்லை.

பிணைமுறி ஒரு நல்ல ஏற்பாடே. ஆனால் அது பதவியோடு சென்றவரை மட்டுமே அறியும். சொந்த முயற்சியால், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவியைப் பெற்றுச் சென்றவர்க்கு அதில் இடமில்லை. மேலும், சென்றவர் மீள்வதற்குரிய சூழல் நாட்டில் நிலவும் வரையே அது பயன் தரும். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னர் தமிழ்ப் புலமையாளர் பலர் பேராதனையைவிட்டு யாழ்ப்பாணத்துக்கும் கடல் கடந்தும் சென்றனர். வேலுப்பிள்ளையும் இறுதியிற் சுவீடனின் உப்சலாவைச் சேர்ந்தார். உயிருக்கு உறுதியில்லாதவிடத்து நாற்காலி காலியாய்க் காத்திருந்து என்ன பயன்?

இதே காலப்பகுதியிற் கண்டியில் ஒரு புதிய வாயில் திறந்தது என்பது வரலாற்றின் முரண். 1981ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கச் சட்டத்தால் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உருவாயிற்று. ஹந்தானை மலைச்சாரலில் அமைந்த இந்நிறுவகம் பட்டதாரிகளுக்குப் பாடம் நடத்துவதற்கன்று, ஆய்வுக்கென்றே ஏற்பட்டது. 1984இல் அதன் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற சிறில் பொன்னம்பெரும காலியிற் பிறந்தவர். 1962இற் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மெல்வின் கல்வினிடம் பட்டம் பெற்றதும், அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் ஆய்வு உதவியுடன் நாசாவின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தவர். அவ்வுதவி நிரந்தரப் பதவிக்குப் படியாயிற்று. பட்டத்திற்கும் பதவிக்கும் இடைப்பட்ட அச்சிறு பாலத்தின் அருமையை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். விரிவுரைச் சுமையின்றி ஆய்வாளர் பதவியில் அமரும் வாய்ப்பு இலங்கை அறிவியலாளர்க்கு இந்நிறுவகத்தால் விரிவடைந்தது.

இத்தகைய இடங்களுக்கு விண்ணப்பிப்போர் கருதவேண்டியது யாது? ஆய்வுத் திட்டமே விண்ணப்பத்தின் உயிர். வெளிநாட்டில் எழுதிய ஆய்வேட்டின் அடுத்த அத்தியாயத்தையே திட்டமாக அனுப்புவோர் பலர். அங்கிருந்த கருவியும் நூலகமும் இங்கில்லை என்பதை மதிப்பிடுவோர் முதற் பக்கத்திலேயே கண்டுகொள்வர். குண்டசாலையையே எடுத்துக்கொள்வோம். இங்கு விவசாயப் பாடசாலை உண்டு. அயலிலே தொடங்கொல்லையிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைப் பண்ணை உண்டு. ஈர வலயத்திற்கும் உலர் வலயத்திற்கும் இடைப்பட்ட மண்ணும் மழையும் உண்டு. மேனாட்டில் மண்ணியல் கற்று மீளும் ஒருவர் இம்மண்ணின் வினாவொன்றை எழுப்புவாராயின், அவ்வினாவுக்கு விடைகாண இதைவிடச் சிறந்த ஆய்வுகூடம் வேறெங்கும் இராது. அடுத்து, ஏற்கும் துறையின் இசைவுக் கடிதம். அதனைத் திரும்பிய பின்னர் தேடுவதைவிட, அயல்நாட்டில் இருக்கும்போதே, குறைந்தது ஓராண்டு முன்னதாக எழுதிப் பெறுவது நன்று. இராமானுசனுக்காக அதனைச் செய்ய ஹார்டி இருந்தார். ஏனையோர் தாமே எழுதவேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் மன்றம் தன்னிடம் பயின்று தாயகம் மீள்வோர்க்கு மீள்வருகைப் புலமைப்பரிசில் ஒன்றை வழங்குகிறது. அத்தகைய உதவிகளை நாடுவோரும் தாயகத்து நிறுவனம் ஒன்றின் ஏற்பைக் காட்டவேண்டியிருக்கும்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் அறிவியலுக்கே பொருந்துவன. ஹந்தானையிலுள்ள நிறுவகத்திற் கல்வெட்டுக்கோ ஏட்டுச்சுவடிக்கோ நாட்டார் வழக்காற்றுக்கோ நேரடி இடமில்லை. தமிழியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீள்பவருக்குப் பல்கலைக்கழக வெற்றிடம் ஒன்றே வழி. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வெற்றிடங்களை நிரப்புவதும் தாமதமாகின்றது. மலையகத் தோட்டங்களின் பழைய பதிவேடுகள் ஆண்டுதோறும் செல்லரிக்கின்றன. அவற்றைப் படிக்கப் பயிற்சி பெற்ற இளைஞர் பிறநாட்டில் ஒப்பந்தப் பணிகளில் இருக்கின்றனர். ஈராண்டுக்கு ஒருவர் என்னும் அளவிலேனும், பேராதனைத் தமிழ்த்துறையைச் சார்ந்து, பிணைமுறியும் விரிவுரைக் கடமையும் இல்லாத ஓர் ஆய்வுப் புலமைப்பரிசில் நிறுவப்படுமாயின், முதல் விண்ணப்பம் அறிவித்தல் வெளியான வாரத்திலேயே வந்து சேரும்.