ஆறாம் வகுப்புவரை காத்திருந்த ஆங்கிலம்

1983 ஆம் ஆண்டு மேற்கு வங்க அரசு, தன் தொடக்கப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. அதன்பின் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயின்ற ஒரு குழந்தை ஆங்கில எழுத்தை வகுப்பறையில் முதன்முதலாகச் சந்தித்தது ஆறாம் வகுப்பில், ஏறத்தாழப் பதினொரு வயதில். இந்த முடிவு ஒரு தலைமுறையையே பாழாக்கிவிட்டது என்பது கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கத்தில் இன்றும் கேட்கக் கூடிய தீர்ப்பு. தாய்மொழிக் கல்வியை முன்னிறுத்திய துணிவான முயற்சியைப் பணக்காரர்கள் கெடுத்தார்கள் என்பது மறுதரப்பின் தீர்ப்பு. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தொடக்கப் பள்ளி மாணவரின் ஆங்கிலத் திறனை எவை தீர்மானிக்கின்றன என்னும் கேள்விக்கு இரண்டுமே விடை தருவதில்லை.

முதலில் அரசின் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1977 இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணியின் முன் இருந்தது, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த கிராமப்புறக் குழந்தைகளின் கூட்டம். அவர்களுள் பெரும்பாலோர் நான்காம் வகுப்பைத் தாண்டாமலே நின்றனர். தாய்மொழியின் எழுத்தே இன்னும் வசப்படாத நிலையில் இன்னொரு மொழியின் எழுத்தையும் சுமத்துவது அவர்களைப் பள்ளியிலிருந்து விரட்டுகிறது என்று அரசு வாதிட்டது. இந்த வாதம் கட்சி அலுவலகத்தில் பிறந்ததன்று. 1964-66 இல் பணியாற்றிய கோத்தாரி ஆணையமும், சோதனை முயற்சியாக நடக்கும் சில பள்ளிகள் நீங்கலாக, ஐந்தாம் வகுப்புக்கு முன் ஆங்கிலம் தொடங்க வேண்டியதில்லை என்றே கூறியிருந்தது. தாய்மொழி தாய்ப்பாலுக்கு ஒப்பானது என்னும் தாகூரின் உவமை அந்நாளைய பிரசாரத்தில் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதே காலத்தில் தொடக்க வகுப்புகளில் தேர்ச்சி, தோல்வி என்னும் பாகுபாடும் கைவிடப்பட்டது. பின்னாளில் ஏற்பட்ட விளைவுகளில் எது ஆங்கில நீக்கத்தால் வந்தது, எது இதனால் வந்தது என்று பிரித்தறிவது அதனாலேயே கடினமாயிற்று.

தாகூரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவருடைய சாட்சியத்தில் பாதியைத்தான் கேட்டார்கள். 1892 இல் எழுதிய 'சிக்ஷார் ஹேர்பேர்' கட்டுரையில் அவர் தாய்மொழிக்காக வாதாடினார் என்பது மெய். ஆயினும் அக்கட்டுரையின் கூர்மையான பகுதி வேறொன்றைப் பற்றியது. கீழ் வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிப்போர் நுழைவுத் தேர்வில் தேறியவர்களோ தவறியவர்களோதான், ஆங்கிலத்திலும் உறுதியற்றவர்கள், வங்காளத்திலும் உறுதியற்றவர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. குதிரையைப் பற்றிய ஓர் எளிய ஆங்கில வாக்கியத்தை வங்காளத்தில் விளக்கப் புகும் ஆசிரியர் படும் பாட்டை அவர் கேலியும் வருத்தமுமாக விவரிக்கிறார். அங்கே சிக்கல் மொழியில் இல்லை. அதைக் கையாளும் ஆசிரியரிடம் இருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. சாந்திநிகேதனில் 1901 இல் பள்ளி தொடங்கிய தாகூர், சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பாடநூல்களைத் தாமே எழுதினார். அவற்றுள் 1909 இல் வந்த 'இங்ரெஜி சுருதிசிக்ஷா' செவிவழிக் கற்றலை அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர் எளிய கட்டளைகளைச் சொல்ல, குழந்தை கேட்டுச் செய்து பழகும். எழுத்து பின்னரே வரும். சிறு குழந்தைக்கு ஆங்கிலம் ஆகாது என்று கருதியவர் செய்யும் வேலையன்று இது.

தாகூருக்கு அடுத்து நினைவுகூர வேண்டியவர் மைக்கேல் வெஸ்ட். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய இந்த ஆங்கிலேயக் கல்வி அதிகாரி, வங்கத்து இருமொழியம் குறித்துத் தாம் மேற்கொண்ட ஆய்வை 1926 இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் கற்பித்தலின் வரலாற்றில் அவர் பெயர் சொற்பட்டியல்களோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. வங்கத்துக்கு அவர் தந்தது அதனினும் முக்கியமான ஒரு கருத்து. காப்பீட்டுப் பத்திரத்தைப் பாதியில் ஒப்படைத்தால் கைக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கிடுவது போல, படிப்பைப் பாதியில் விட்டுச் செல்லும் மாணவன் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்கிட வேண்டும் என்றார் அவர். பத்தாண்டுப் படிப்பின் பயன் பத்தாம் ஆண்டில்தான் கைகூடும் என்றால், மூன்றாம் ஆண்டில் நிற்பவனுக்கு அது வெறும் வீண். ஆகவே எந்த நிலையில் நின்றாலும் ஓரளவு பயன் தரக்கூடிய வாசிப்பை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

இந்த அளவுகோலை 1983 இன் முடிவின்மேல் வைத்துப் பார்த்தால் அதன் தர்க்கமும் புலப்படும், குறையும் புலப்படும். நான்காம் வகுப்போடு நிற்கும் குழந்தை அரைகுறை ஆங்கிலத்தால் என்ன பெறும் என்பது நியாயமான கேள்வி. அந்த நேரத்தை வங்காள வாசிப்புக்குச் செலவிட்டால் அக்குழந்தைக்கு இலாபமே. ஆனால் எட்டாம் வகுப்போடு நிற்கும் குழந்தைக்கு? முன்பு ஆறேழு ஆண்டு ஆங்கிலத்தோடு வெளியேறியிருக்கக் கூடியவன், இப்போது மூன்றே ஆண்டோடு வெளியேறினான். இடைநிற்றலை மனத்திற்கொண்டு வகுத்த கொள்கை, சற்றுத் தள்ளி நிகழ்ந்த இடைநிற்றலைக் கணக்கில் கொள்ளவில்லை.

மொழியியல் நோக்கில் இங்கே ஒரு முரண் உண்டு. பள்ளியில் மட்டுமே அயல்மொழியைக் கேட்கும் சூழலில், முன்கூட்டித் தொடங்குவது பெரும் நன்மை தருவதில்லை. கார்மென் முன்யோஸ் தலைமையில் பார்சிலோனாவில் நடந்த நீண்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே பயிற்சி நேரம் சமமாக இருந்தபோது, பதினொரு வயதில் தொடங்கியவர்கள் எட்டு வயதில் தொடங்கியவர்களைவிட விரைவாகவே கற்றனர். அப்படியானால் மேற்கு வங்க அரசு அறியாமலே அறிவியலின் பக்கம் நின்றதா?

நிற்கவில்லை. காரணம், அந்தச் சோதனை மேற்கு வங்கத்தில் நடக்கவேயில்லை. ஆறாம் வகுப்பில் எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவார்கள் என்பது திட்டம். நடந்ததோ வேறு. வசதியுள்ள குடும்பம் குழந்தையை ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு அனுப்பியது. அவ்வளவு வசதி இல்லாத ஆனால் விழிப்புள்ள குடும்பம், மாலையில் வீட்டுக்கு வரும் தனிப்பாட ஆசிரியரை அமர்த்தியது. 1850 இல் பியாரி சரண் சர்க்கார் எழுதிய முதல் வாசிப்பு நூல் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாமலே விற்றுக்கொண்டிருந்தது. ஆக ஆறாம் வகுப்பின் ஒரே பெஞ்சில், ஐந்து ஆண்டு ஆங்கிலம் படித்த குழந்தையும் எழுத்தே அறியாத குழந்தையும் அருகருகே அமர்ந்தன. இரண்டுக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே தேர்வு. பள்ளி விட்டுச்சென்ற வெற்றிடத்தைப் பெற்றோரின் பணம் நிரப்பியது. பணம் இல்லாத இடத்தில் வெற்றிடம் வெற்றிடமாகவே நின்றது. அமர்த்திய சென் நிறுவிய பிரதீசி அறக்கட்டளையின் ஆய்வுகள், தனிப்பாடத்தை நாடிய தொடக்கப் பள்ளி மாணவரின் பங்கு 2001-02 இல் 57 விழுக்காடாக இருந்து 2008-09 இல் 64 ஆக உயர்ந்ததைப் பதிவு செய்தன. அது ஆங்கிலத்துக்கு மட்டுமான தனிப்பாடம் அன்று. ஆனால் பள்ளிக்கு வெளியே இன்னொரு பள்ளி எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு அது சான்று.

அந்த எழுத்தறியாத குழந்தையின் பாடு எத்தகையது என்பதைக் கொள்கை விவாதங்கள் பேசியதில்லை. வங்காள எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தும் அச்சுவடிவிலும் கூட்டெழுத்திலும், பெரிதிலும் சிறிதிலும் என நான்கு மடங்காகி நூற்றுநான்கு உருவங்களாக வந்து நிற்கும். பேச்சு வங்காளம் சொல்லின் முதலில் வரும் மெய்ம்மயக்கத்தை விரும்பாததால் 'ஸ்கூல்' இயல்பாகவே 'இஸ்குல்' ஆகும். தமிழைப் போலவே வங்காளத்திலும் 'நான் மாணவன்' என்பதற்கு இடையில் வினை வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சின்னஞ்சிறு வினை இல்லாவிட்டால் வாக்கியமே இல்லை. தமிழ்க் குழந்தைக்கு இல்லாத ஒரு தொல்லையும் உண்டு. வங்காளத்தில் அவன், அவள் இரண்டுக்கும் 'ஷே' ஒன்றுதான். ஆங்கிலப் பிரதிப்பெயர்களின் பால் வேறுபாடு அந்தக் குழந்தைக்கு முற்றிலும் புதிய இலக்கணம். இவற்றையெல்லாம் எதிர்பார்த்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் இருந்தால் பதினொரு வயதுக் குழந்தை ஓராண்டில் கடந்துவிடும். அந்த ஆசிரியருக்குக் கிடைத்ததோ, இலக்கண விளக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிய, பயன்பாட்டுமுறையில் அமைந்த புதிய பாடநூல் வரிசை. அம்முறை ஆசிரியரின் சரளமான ஆங்கிலத்தை நம்பி நிற்பது. அந்தச் சரளம்தான் அரிதாக இருந்தது.

எதிர்ப்பு தொடக்கத்திலேயே எழுந்தது. வங்காள மொழி வரலாற்றை எழுதிய சுகுமார் சென்னே எதிர்ப்பாளருள் ஒருவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். எஸ்.யு.சி.ஐ. கட்சி பல ஆண்டுகள் இடைவிடாது போராடியது. அரசு படிப்படியாகப் பின்வாங்கியது. 1992 இல் அசோக் மித்ரா ஆணையம் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கற்பிக்கப் பரிந்துரைத்தது. 1998 இல் மொழியியலறிஞர் பவித்ர சர்க்காரின் ஒருநபர் குழு மூன்றாம் வகுப்புக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. 2004 இல் ஆங்கிலம் முதல் வகுப்பை எட்டியது.

தனிகா சக்ரவர்த்தியும் ஷில்பி கபூர் பக்ஷியும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளி ஆங்கிலத்தை இழந்தவர்களின் ஊதியம் பிற்காலத்தில் குறைந்ததைக் காட்டியது. இழப்பு மெய்யானது. ஆனால் இதிலிருந்து, முதல் வகுப்பில் தொடங்கினால் எல்லாம் சரியாகும் என்று முடிவு கட்டுவது அவசரம். இந்திய அளவில் 2016 இன் அசர் அறிக்கையின்படி, கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்கக் கூடியவர்கள் 24.5 விழுக்காட்டினர். எட்டாம் வகுப்பில் அந்த விகிதம் 2009 இல் 60.2 ஆக இருந்து 45.2 ஆகச் சரிந்தது. மாநிலத்துக்கு மாநிலம் ஆங்கிலம் முன்கூட்டியே நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆசிரியரை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் மாற்றுவதன் வரம்பைச் சென்னை மாகாணம் முன்பே உணர்ந்திருந்தது. 1950களின் இறுதியில் அங்கே தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்க முயன்ற 'பனிப்பந்து' இயக்கத்தின் வெற்றி தோல்வி தனியே பேசத்தக்கது. சிக்கல் எங்கே இருக்கிறது என்பதையேனும் அது சரியாகக் கண்டது.

மேற்கு வங்கத்தில் 1983 இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 2004 இல் வயது இருபத்தேழு. முதல் வகுப்புக்கு ஆங்கிலம் திரும்பிய அந்த ஆண்டில், பல கிராமப் பள்ளிகளின் கரும்பலகை முன் சுண்ணக்கட்டியோடு நின்ற இளம் ஆசிரியர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் ஆங்கில எழுத்தைக் கற்றது ஆறாம் வகுப்பில்.