கவனமா இருக்கக் கூடாதா?

அத்தையின் இடது ஆள்காட்டி விரலில் தழும்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் விரலை நீட்டி, "இங்கதான்" என்பார். நானும் குனிந்து பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அத்தை ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டியில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு மூடியைத் திரும்பப் போடும்போது, ஊசி மூடிக்குள் போகாமல் விரலில் ஏறிவிட்டது. கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். காலையில் மேலே சொன்னபோது வந்த பதில் ஒன்றுதான்: "ஏம்மா, கவனமா இருக்கக் கூடாதா?"

இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளை 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்து பத்து வருடம்கூட ஆகாத காலம். மூன்றாம் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறாம் மாதம் இன்னொன்று. இரண்டிலும் ஒன்றுமில்லை. அந்த ஆறு மாதமும் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டதை மாமாகூட கவனிக்கவில்லையாம்.

"மூடியை ஏன் அத்தை திரும்பப் போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பின்ன? திறந்த ஊசியோட முப்பது கட்டிலைத் தாண்டி நடக்கச் சொல்றியா? குப்பை அள்ளுற அம்மாவுக்கு வெறுங்கைடா."

அதாவது, அவர் கவனமாக இருந்ததால்தான் குத்தியது. அன்றிலிருந்துதான் சிரிஞ்சின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

துளையுள்ள ஊசியால் தோலுக்கடியில் மருந்து செலுத்துவதை டப்ளினில் பிரான்சிஸ் ரிண்ட் 1844இல் செய்துவிட்டார். 1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட்டும் லியோனில் சார்ல் பிரவாஸும் தனித்தனியே சிரிஞ்சை அதோடு சேர்த்தார்கள். ஆரம்பத்தில் எல்லாக் கவலையும் ஊசி ஏறும் உடம்பைப் பற்றியதுதான். 1922இல் இன்சுலின் வந்தபின் நோயாளிகள் தினமும் தாங்களே குத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கை நடுங்குமே? சாதாரணக் கண்ணாடி சிரிஞ்சையே உள்ளே பொருத்தி, பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளிவிடும் உலோகக் கருவிகள் வந்தன. நடுங்கும் கையைத் திட்டாமல், அதற்கு ஒரு துணை செய்து கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

அடுத்த கவலை, அடுத்த நோயாளி. கண்ணாடி சிரிஞ்சை வேகவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டும். சரியாக வேகவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எகிப்து காட்டியது. நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அங்கே கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத சிரிஞ்சுகள் வழியே ஹெபடைடிஸ் சி பரவி, உலகிலேயே அந்நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. ஊசி போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. நோயை ஒழிக்க வந்தவர்கள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வந்தும் பிரச்சினை தீரவில்லை. 'மறுபடி பயன்படுத்தாதே' என்று உறையில்தான் அச்சிட்டிருந்தது. சிரிஞ்ச் யார் கைக்கும் பணிந்தது. 2000ஆம் ஆண்டில் மட்டும் பாதுகாப்பற்ற ஊசிகளால் 2.1 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பிரிட்டனைச் சேர்ந்த மார்க் கோஸ்கா, சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்துவதால் எச்ஐவி பரவும் என்ற செய்தியை 1984இல் நாளிதழில் படித்துவிட்டு, ஒருமுறைக்குமேல் வேலை செய்யாத சிரிஞ்சை உருவாக்கினார். உள்ளே ஒரு சிறு வளையம். தண்டை முழுதாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இழுத்தால் உடையும். பழைய இயந்திரங்களிலேயே சிறு மாற்றத்தோடு செய்துவிடலாம் என்பது அதன் சாமர்த்தியம். தடுப்பூசிகளுக்கு இந்த வகைச் சிரிஞ்சுகளையே பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1999இல் கேட்டுக்கொண்டன. இந்தியத் தடுப்பூசித் திட்டம் 2005இல் மாறியது.

கடைசியாகத்தான் ஊசி போடுகிறவரின் முறை வந்தது. மூடியைத் திரும்பப் போடாதீர்கள் என்று அமெரிக்காவின் சிடிசி 1987லேயே சொல்லியிருந்தது. அதுவும் ஓர் அறிவுரைதானே? நர்ஸுகளும் அவர்களின் சங்கங்களும் போராடியபின், 1998இல் கலிபோர்னியா முதலில் சட்டம் போட்டது. 2000 நவம்பர் 6இல் நாடு முழுமைக்குமான சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டார். பாதுகாப்பான ஊசிகளை வாங்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பானது. அடுத்த ஆண்டே மருத்துவமனை ஊழியர்களின் ஊசிக்காயங்கள் ஏறத்தாழ 38 சதவீதம் குறைந்தன என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே கைகள்தான், அதே அவசரம்தான்.

போன மாதம் அப்படியொரு ஊசியை அத்தையிடம் காட்டினேன். சாதாரண சிரிஞ்சிலேயே மாட்டலாம். ஊசியின் அடியில் கீல் வைத்த பிளாஸ்டிக் கவசம். ஒரே கையின் கட்டைவிரலால் தள்ளினால் 'டிக்' என்று ஊசியை மூடிக்கொள்ளும். இன்னொரு கை ஊசிக்கு எதிரே வரவே வேண்டாம்.

அத்தை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு விலை கேட்டார். சொன்னேன். "இதை நம்ம வார்டுக்கு யார் வாங்குவா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதைச் செஞ்சவன் எவளோ ஒரு நர்ஸைக் கேட்டிருக்கான்டா" என்றார்.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. எந்த ஊசியை வாங்குவது என்பதை, நோயாளியைத் தொட்டு வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். குத்திக்கொண்டால் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: எந்தக் கருவி, எந்த இடத்தில், எப்படி நடந்தது. இதை அத்தைக்கு விளக்கிச் சொன்னேன்.

"கவனமா இருந்தியான்னு கேக்க மாட்டாங்களா?"

"அதுக்குக் கட்டமே இல்ல அத்தை."

கவசத்தை இன்னொரு தடவை மூடி, என் கையில் கொடுத்தார்.