கணக்குக் கொப்பியில் பிறந்த ஓவியம்

உயர்தரத்துக்கு சித்திரப் பாடம் எடுக்கப் போறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன பதில் கிடைக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். "அத வெச்சி என்னத்த சாப்பிடுற?" இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் தேடிய ஒருவரையும் அவருடைய மகனையும் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தகப்பன் இறந்ததும் குடும்பத்தைப் பார்க்க 18 வயதில் படிப்பை விட்டு தந்தித் திணைக்களத்தில் வேலைக்குப் போனார். சென்னை கலைப் பள்ளியில் மாணவராகச் சேரும்போது வயது 25. 1957இல் அதே பள்ளிக்கு அதிபரானார்.

திறமையான பிள்ளைகள் படித்து முடித்ததும் பிழைப்புக்காக வேறு தொழிலுக்குப் போய் கலையைக் கைவிடுவது அவரை வருத்தியது. அவர்கள் கண்ட வழி பத்திக். ஆமாம், நம் நாட்டில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கிறார்களே, அதே பத்திக்தான். துணியில் மெழுகும் சாயமும் வைத்து விற்ற காசில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகக் காணி வாங்கினார்கள். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. குடிசைகளைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். பகலில் கைவினை, மற்ற நேரம் தங்கள் சொந்த ஓவியம், சிற்பம்.

பணிக்கரின் பேர்போன 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை 1963இல் தொடங்கியது. அதற்குத் தூண்டுதல் ஒரு மாணவனின் கணக்குக் கொப்பிப் பக்கம்! இலக்கங்களும் எழுத்துகளும் நெருக்கமாகக் கிடந்த அந்தப் பக்கத்தை அவர் படமாகப் பார்த்தார். பிறகு மலையாள எழுத்துப் போன்ற கோடுகள் வந்தன. வாசிக்கப் போனால் அர்த்தம் வராது, பார்ப்பதற்கு மட்டும். கணக்குக் கொப்பியில் படம் கீறியதற்காக எத்தனை பிள்ளைகளை நான் எழுப்பி நிறுத்தியிருப்பேன் என்று யோசித்தேன்.

மகன் நந்தகோபால் பிறந்தது 1946இல். லொயோலா கல்லூரியில் பௌதிகவியல் படித்தவர். நம் ஊர் வாப்பாமார் சந்தோஷப்படும் பாதை. ஆனால் அதன் பிறகு அவரும் கலைப் பள்ளிக்கே போனார். கற்றது ஓவியம், கையில் எடுத்ததோ செம்பும் பித்தளையும். தகடுகளை வெட்டி, ஒட்டி அவர் செய்த சிற்பங்களை ஓவியம் போலவே முன்னால் நின்று பார்க்க வேண்டும். தகப்பன் தூரிகையால் கீறிய கோட்டை மகன் உலோகத்தில் வளைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பணிக்கர் 1977இல் காலமானார். நந்தகோபால் 2017இல் இறக்கும் வரை அந்தக் கிராமத்தோடுதான் வாழ்ந்தார்.

சென்னைக்கு வைத்தியத்துக்கும் சாமான் வாங்கவும் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மகாபலிபுரம் போகும் வழியில்தான் அந்த இடம் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் இறங்கிப் பாருங்கள்.