64 கோடுகள்

1714-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த பேராசிரியர் கிறிஸ்டியான் வுல்ஃபுக்கு இரண்டு தெர்மாமீட்டர்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே சூட்டை ஒரே எண்ணில் காட்டின. வியந்துபோன வுல்ஃப் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி வெளியிட்டார். ஒரு கருவி சொல்வதை இன்னொரு கருவி ஒப்புக்கொள்வதே அன்று அபூர்வம்.

அவற்றைச் செய்தவர் டேனியல் ஃபாரன்ஹீட். 1686-ல் டான்சிக்கில் பிறந்தவர். 1701-ல் விஷக் காளானைத் தின்று தாய், தந்தை இருவரும் இறந்தார்கள். வணிகம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்ட பையனின் மனமோ கண்ணாடிக் குழாய்களில் லயித்தது.

1708-ல் கோபன்ஹேகன் போய், வானியலாளர் ஓலே ரோமர் தெர்மாமீட்டருக்குக் கோடு போடும் முறையைப் பார்த்தார். ரோமரின் அளவில் பனிக்கட்டி உருகுவது 7½, உடல் சூடு 22½. இந்த அரைகள் ஃபாரன்ஹீட்டுக்குப் பிடிக்கவில்லை. நான்கால் பெருக்கி 30, 90 ஆக்கினார். பிறகு 32, 96 என்று திருத்தினார். திருத்திய எண்களில் ஒரு கைவேலை வசதி உண்டு. 96-க்கும் 32-க்கும் நடுவே 64 பாகங்கள். அந்த இடைவெளியைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இப்படி ஆறு முறை செய்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் கோடு விழுந்துவிடும். காம்பஸ் ஒன்று போதும். பூஜ்யத்துக்குப் பனிக்கட்டி, நீர், நவச்சாரம் கலந்த கலவை. 96-க்கு ஆரோக்கியமான மனிதனின் வாய் அல்லது அக்குள். 1724-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதை அவரே எழுதினார்.

ஸ்வீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-ல் உடலை விட்டுவிட்டு நீரை மட்டும் நம்பினார். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதைச் சோதித்து, அழுத்தத்தையும் சேர்த்தே குறித்தார். என் பார்வையில் அவருடைய பெரிய கொடை இந்தக் கவனம்தான், 100 என்ற எண் அல்ல. அவர் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் தலைகீழாக்கினார்கள்.

நீர் உறைவதிலிருந்து கொதிப்பது வரை ஃபாரன்ஹீட்டில் 180 பாகம், செல்சியஸில் 100. மாற்றும் கணக்கு இதிலிருந்தே பிறந்தது: 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். காய்ச்சல் 102 என்றால் 70, 350, கடைசியில் 38.9.

நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் 98.6-ம் இப்படி வந்ததுதான். 1868-ல் லைப்சிக் மருத்துவர் வுண்டர்லிஷ் உடலின் சராசரி வெப்பம் 37 செல்சியஸ் என்று எழுதினார். அந்த முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போதுதான் தசமப் புள்ளிக்குப் பின் 6 முளைத்தது. ஆகவே வீட்டுத் தெர்மாமீட்டர் 98.8 காட்டினால் அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் பதறாதீர்கள்.

(தொடரும்)